நாற்காலியில் இருப்பவர் கையில் ரிமோட்

அநியாயத்தை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குச் சர்க்கரை தடவிச் சொல்ல எனக்குத் தெரியாது.

துரும்பு என்று ஒரு பெண். வயது பதினொன்று. ஒல்லியாக இருப்பதால் அந்தப் பட்டப்பெயர். ஆனால் அவள் பள்ளிக் கால்பந்து அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். முழங்கையில் எப்போதும் ஒரு காயம் ஆறிக்கொண்டிருக்கும், இன்னொன்று புதிதாக இருக்கும்.

அவள் அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். சின்னக் கடை. ஒரே நாற்காலி. அதற்கு எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. நாற்காலிக்குப் பின்னால், சுவரின் உச்சியில் டிவி. பக்கவாட்டில் ஒரு நீள பெஞ்சு. அடுத்த கடையில் பூட்டு பழுது பார்ப்பவன் நான். வேலை இல்லாதபோது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வேலை பெரும்பாலும் இருக்காது.

கடையில் ஒரு விதி உண்டு. முன்பு ஒருநாள் இரண்டு பேர் சேனல் மாற்றுவதற்காக ரிமோட்டைப் பிடித்து இழுத்தார்கள். அந்த நேரம் அப்பா வேறொருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். சண்டைக்காரர்களின் முழங்கை அவர் முதுகில் இடித்தது. நல்லவேளை, சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவருக்குக் காதோரம் ஒரு கீறலோடு போயிற்று. மறுநாளே சுவரில் ஒரு அட்டை ஏறியது: ‘நாற்காலியில் இருப்பவர் கையில் ரிமோட்.’

நல்ல விதிதான். ஆனால் எந்த நல்ல விதியையும் கெட்ட வேலைக்குப் பயன்படுத்த ஒருவன் வருவான். வந்தார், டிக்கெட் பரிசோதகர்.

அவர் ரயிலில் டிக்கெட் கேட்டுக் கேட்டு, ஊரில் எல்லாரையும் டிக்கெட் இல்லாதவர் மாதிரியே பார்ப்பார். தினமும் சவரத்துக்கு வருவார். இருபது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து கால்பந்து பார்க்கிறவர். கேட்காமலே விளக்கமும் சொல்வார்.

அந்த மாதம் பெண்கள் உலகக் கோப்பை நடந்தது. நம் அணி முதல் முறையாகக் காலிறுதிக்கு வந்துவிட்டது.

ஆண்கள் போட்டி நடந்தபோது கடை எப்படி இருந்தது தெரியுமா? வாசலில் பெரிய கொடி. பெஞ்சு போதாமல் என் கடை ஸ்டூலும் அங்கே போயிற்று. நம் ஆட்கள் மூன்று ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினார்கள். அப்போதும் கொடியை ஒரு மாதம் கழற்றவில்லை. பெண்கள் காலிறுதிக்கே வந்துவிட்டார்கள். வாசலில் ஒரு காகிதக் கொடிகூட இல்லை!

துரும்பு வீட்டில் டிவி கிடையாது. இருக்கிற ஒன்று கடையில்தான். அம்மாவுக்கு ஒரு போன் உண்டு. அது அம்மாவோடு தையல் கூடத்துக்குப் போய்விடும். அதனால் காலிறுதி நாளன்று அவள் தன் அணிப் பெண்களைக் கடைக்கே கூட்டிவந்தாள். அவளோடு சேர்த்து ஏழு பேர். கூடவே உருளை. உருளை அவள் வகுப்புப் பையன். பந்தை உதைத்தால் செருப்புதான் தூரம் போகும். ஆனால் உற்சாகத்தில் குறைவில்லை.

ஆட்டம் நான்கு மணிக்கு. மூன்று ஐம்பத்தைந்துக்குப் பரிசோதகர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட் அவர் கைக்குப் போயிற்று.

“மாமா, இன்னைக்கு நம்ம ஆட்டம் இருக்கு” என்றாள் துரும்பு.

“ஓ, அதுவா?” ஆட்டம் வரும் சேனலை வைத்தார். ஆட்டம் தொடங்கியதும் கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தப் பதினோராம் நம்பரைப் பாரு. இடது கால்ல மட்டும்தான் உதைக்குறா. வலது கால் சும்மா நடக்குறதுக்குத்தான் போல!”

“அவங்களுக்கு வலது கால்தான் நல்லா வரும், மாமா.”

“எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து பாக்குறேன். இதெல்லாம் ஆட்டமா? பந்து பின்னாடி பொண்ணுங்க ஓடுது, அவ்வளவுதான்.”

பட்டென்று சேனலை மாற்றினார். எப்போதோ முடிந்துபோன ஆண்கள் ஆட்டம் ஒன்று ஓடியது. யார் ஜெயித்தார்கள் என்று கடையில் இருந்த சீப்புக்குக்கூடத் தெரியும்.

“அப்பா!” என்றாள் துரும்பு.

அப்பா சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

பரிசோதகர் எழுந்ததும் அவருடைய கூட்டாளி பெயிண்டர் உட்கார்ந்தார். ரிமோட் கை மாறியது, சேனல் மாறவில்லை. பெயிண்டர் எழுந்ததும் மறுபடி பரிசோதகர். “தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வச்சுத் தேய்ச்சு விடுப்பா” என்றார். இருவரும் கண்ணடித்துச் சிரித்துக்கொண்டார்கள். வளர்ந்த மனிதர்கள்! எட்டுக் குழந்தைகளை ஏமாற்றியதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆறு மணி நெருங்கும்போது, வேலை முடிந்து வந்த எங்கள் தெரு நர்ஸ் அக்கா வாசலில் நின்று கத்தினார். “ஜெயிச்சுட்டாங்க! கடைசி நிமிஷத்துல கோல்! பாத்தீங்களாடி?”

யாரும் பார்க்கவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துரும்பு அழவில்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று மாலை துரும்பு கடையைப் பெருக்கினாள். துடைப்பம் தரையில் அடி வாங்கியது.

“அப்பா, இந்தக் கடையில பொண்ணுங்களுக்கு முடி வெட்டக்கூடாதா?”

“அப்படி யாரு சொன்னா?”

“வெளிய போர்டுல என்ன எழுதியிருக்கீங்க?”

“முடி வெட்டப்படும்னு.”

“யாரோட முடின்னு எழுதலையே?”

அப்பா சீப்பைத் துடைப்பதை நிறுத்தினார். “என்ன திட்டம் போடுற?”

“புதன்கிழமை அரையிறுதி. நான் பன்னெண்டு தலை கொண்டுவர்றேன். ஒண்ணு எழுந்ததும் இன்னொண்ணு உக்காரும். ஆட்டம் முடியுற வரைக்கும் நாற்காலி காலியா இருக்காது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“அவரு கோவிச்சுக்குவாரும்மா. தினமும் வர்ற ஆளு.”

“நாங்க தினமும் இருக்குற ஆளுங்க, அப்பா.”

அப்பா சீப்பை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். ஆனால் புதன்கிழமை காலையில் அவர் கத்தரியைச் சாணை பிடித்ததை நான் பார்த்தேன்.

சொன்னபடி மூன்றரைக்கே கூட்டம் வந்துவிட்டது. அணிப் பெண்கள் ஆறு பேர், அவர்களில் இரண்டு பேருடைய அம்மாக்கள், ஒரு தம்பி, ஒரு தங்கை, விடுப்பு போட்டுவிட்டு நர்ஸ் அக்கா, கடைசியாக உருளை. கணக்கு சரி, பன்னிரண்டு. துரும்பு தன்னைச் சேர்க்கவில்லை. “நான் வரிசையைப் பாத்துக்கணும்” என்றாள்.

பரிசோதகர் மூன்று ஐம்பத்தைந்துக்குப் பெயிண்டரோடு வந்தார். நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. அந்தக் கையில் ரிமோட்.

“என்னப்பா இது? ஆம்பளைங்க கடையில?”

“முடி வெட்டிக்கிட்டு இருக்கேன் சார்” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் நடுங்கியது. கத்தரி நடுங்கவில்லை.

“அடுத்தது நான்.”

“உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்க மாமா” என்றாள் துரும்பு. “பெஞ்சுல உக்காருங்க.”

“நான் வேற கடைக்குப் போயிடுவேன், தெரியும்ல!”

அப்பா ஒரு நொடி கத்தரியை நிறுத்தினார். “உங்க இஷ்டம் சார்” என்றார். டிக் டிக் என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

இந்த முறை நான் வாயைத் திறந்தேன். “போறவரு போகலாம். வழியை மறைக்காம போகணும்.”

அவர் போகவில்லை. அந்த நேரத்தில் வேறு எந்தக் கடைக்குப் போவது? முணுமுணுத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. தலைகள் மாறின. “நுனி மட்டும்” என்றார் நர்ஸ் அக்கா. “எனக்கும் நுனிதான், ஆனா மெதுவா” என்றார் ஒரு அம்மா. எதிரணி ஒரு கோல் போட்டது. அரை மணி கழித்து நம் பதினோராம் நம்பர் ஒரு கோல் போட்டாள். நாற்காலியில் இருந்த பெண் துள்ளியதில் அவள் முன்முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அவள் கவலைப்படவில்லை.

பரிசோதகர் கண்ணைக் கசக்கினார். “ஏய், அவ வலது கால்லதானே அடிச்சா? போன ஆட்டத்துல இடது கால்ல உதைச்சாளே!”

“மாமா” என்றாள் துரும்பு, “நீங்க எப்பவும் நாற்காலியில உக்காந்து கண்ணாடியில பாப்பீங்க. கண்ணாடியில இடது வலதா தெரியும், வலது இடதா தெரியும். இன்னைக்குத்தான் பெஞ்சுல இருந்து நேரா பாக்குறீங்க.”

பெயிண்டர் சிரிக்க ஆரம்பித்தார். “அடப்பாவி! இருபது வருஷமா ஆபீஸ்ல எத்தனை பேரோட சண்டை போட்டிருப்பே! அவன் இடது கால்காரன், இவன் வலது கால்காரன்னு!”

கடையே குலுங்கியது. பரிசோதகரின் காது சிவந்தது.

தொண்ணூறு நிமிடம் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம் அரை மணி!

துரும்பு நெற்றியில் அடித்துக்கொண்டாள். கால்பந்தில் எல்லாம் தெரிந்தவள், கூடுதல் நேரத்தை மறந்துவிட்டாள். மிச்சம் இருந்தது உருளையின் தலை மட்டும்தான்.

“உருளை, உன்னை நம்பித்தான்டா இருக்கோம்.”

உருளை வீரனைப் போல உட்கார்ந்தான். அப்பா அரை மணி நேரம் அந்த ஒரு தலையிலேயே வேலை செய்தார். முதலில் நன்றாக இருந்தது. பிறகு குட்டையானது. பிறகு இன்னும் குட்டையானது. கடைசியில் தலை டென்னிஸ் பந்து மாதிரி ஆனது. அதற்கு மேல் வெட்டுவதற்குக் காதுதான் இருந்தது. உருளை எழுந்துவிட்டான்.

அதே நேரம் நடுவர் விசில் ஊதினார். இன்னும் சமநிலை. இனி பெனால்டி.

நாற்காலி காலி. பரிசோதகர் பாய்ந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்துக்கொண்டார். “விதின்னா விதிதான். எல்லாருக்கும் ஒண்ணு. நீதானே சொன்னே?”

“இது அநியாயம்!” நர்ஸ் அக்கா கத்தினார். உருளை தன் தலையைத் தடவிக்கொண்டு பற்களைக் கடித்தான். என் கையில் ஒரு பழைய பூட்டு இருந்தது. நல்லவேளை, துரும்பு முந்திக்கொண்டாள்.

அவள் கத்தவில்லை, ரிமோட்டைப் பிடுங்கவும் இல்லை. நாற்காலி சுழலாமல் அடியில் பிடித்திருந்த கம்பியைக் காலால் தட்டினாள். இரண்டு கையாலும் தள்ளி, நாற்காலியை அவரோடு சேர்த்துச் சுற்றினாள். கண்ணாடி அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று. டிவி அவர் முகத்துக்கு நேரே வந்தது.

“ரிமோட் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. அந்த நாற்காலியில உக்காந்து நீங்க ஒரு ஆட்டத்தையும் நேரா பாத்ததில்ல. ஒரே ஒரு பெனால்டி பாருங்க. பிடிக்கலைன்னா மாத்திக்கோங்க.”

அவர் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. எதிரணியின் முதல் உதை அதற்குள் உள்ளே போயிருந்தது. பதினோராம் நம்பர் பந்தை வைத்தாள். மூன்று அடி பின்னால் போனாள். ஓடி வந்து உதைத்தாள். வலை மேல்மூலையில் விம்மியது.

“யம்மாடி!” என்றார் பரிசோதகர்.

கட்டைவிரல் நகரவில்லை. இரண்டாவது பெனால்டி. மூன்றாவது. நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். பெயிண்டர் ஏதோ பேச வந்தார். “சும்மா இருய்யா!” என்று ஒரு அதட்டல்.

எல்லாம் சமமாகவே போயிற்று. எதிரணிக்கு ஐந்தாவது உதை. நம் கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ந்தாள். விரல் நுனியால் பந்தைத் தள்ளிவிட்டாள்! துரும்புவின் கூச்சலில் ஸ்பிரே பாட்டில் உருண்டது.

ஆனால் நடுவர் கையை உயர்த்தினார். உதைப்பதற்கு முன்பே கோல்கீப்பரின் கால் கோட்டை விட்டு வந்துவிட்டதாம். மறுபடி உதைக்கச் சொன்னார். இந்த முறை பந்து உள்ளே போயிற்று. எங்கள் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தோற்றுவிட்டோம்.

நாங்கள் எல்லாரும் உறைந்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் எழுந்து நின்று குதித்தார்.

“அநியாயம்! கால் கோட்டுலதான் இருந்துச்சு! நான் பாத்தேன்! நேரா பாத்தேன்! அந்த நடுவருக்குக் கண்ணு இருக்கா? பாவம், அந்தப் பொண்ணு எப்படிப் பாய்ஞ்சா தெரியுமா!” பரிசோதகர் ரிமோட்டை டிவி பக்கம் நீட்டி நடுவரை மிரட்டிக்கொண்டிருந்தார்.

அவர் திருந்திவிட்டார் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அவ்வளவு சீக்கிரம் நான் யாரையும் நம்புவதில்லை. செய்ததற்கு ஒரு மன்னிப்பாவது கேட்டாரா? இல்லை. ஆனால் துரும்பு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், ரிமோட்டை அவள் கையில் வைத்தார். தொண்டையைக் கனைத்தார்.

“தோத்தவங்களுக்கும் ஒரு ஆட்டம் உண்டுல்ல? மூணாவது இடத்துக்கு? அது எப்போ?”

“சனிக்கிழமை, நாலு மணி” என்றாள் துரும்பு. “சீக்கிரம் வந்துடுங்க மாமா. லேட்டா வந்தா நின்னுக்கிட்டுத்தான் பாக்கணும்.”