உயேனோ ஸ்டேஷன் டிக்கெட்

வியாழன் மாலை 4.10. டோக்கியோவில் உயேனோ என்ற பகுதியில் ஓர் ஓட்டல் அறை. தமிழ்வேந்தன் பெட்டியைத் திறந்தான். பித்தளை இம்பெல்லரைக் காணோம். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் அது. புது டிசைன். கண்காட்சிக்காகக் கொண்டுபோன அந்த ஒரே ஒரு மாடலை மூன்று வருஷம் அரம் பிடித்து உருவாக்கியவன் அவன்தான். கதவு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம்தான் இருந்தது. ஒருவன் ஃபிட்டர் தமிழ்வேந்தன், இன்னொருவன் முதலாளியின் தங்கை மகன் நிதீஷ்.

திங்கள் காலை 10.40. பெரியநாயக்கன்பாளையம். பம்ப் கம்பெனி முதலாளி கிருபாசங்கரின் அறை.

போலீஸ் வருவதற்கு முன்பே அங்கே தீர்ப்பு முடிந்திருந்தது. ஊர் திரும்பிய அன்றே, ஷெட்டில் நாற்பது பேர் பார்க்க, முதலாளி தமிழ்வேந்தனின் சட்டையைப் பிடித்துத் திருடன் என்றார். தான் செய்த பொருளைத் தானே திருடினானாம். மருமகனை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலனிக்காரன் என்றால் சாட்சி எதற்கு?

எஸ்.ஐ. மோகனப்பிரியா புகாரைப் புரட்டினார். அதில் ஒரு சின்ன ரயில் டிக்கெட்டைப் பின் பண்ணியிருந்தார்கள். அப்போது தான் அறையில் இல்லை என்பதற்கு நிதீஷ் கொடுத்த ஆதாரம் அது.

"வியாழக்கிழமை ரெண்டு மணிலிருந்து நாலு வரைக்கும் எங்கீங்க இருந்தீங்க, நிதீஷ்?"

"கடை பாக்கக் கின்ஸா போயிருந்தேனுங்க. உயேனோவுல சப்வே ரயில் ஏறுனேன். அந்த டிக்கெட்தானுங்க அது."

"தினமும் சப்வேதானா?"

"எப்பவும் டாக்சிதானுங்க. அந்தக் கூட்டத்துல யாரு இடிபடறது? அன்னிக்குப் போறப்ப மட்டும் ஒரு ஆசைக்கு ஏறுனேன். வர்றப்ப டாக்சிதான்."

"இதே டிக்கெட்ல உள்ள போனீங்க. கின்ஸாவுல இதோடவே வெளிய வந்தீங்க?"

"ஆமாங்க. பத்திரமாப் பர்ஸ்ல வெச்சிருந்தேன்."

மோகனப்பிரியா சுவரோரம் பார்த்தார். தமிழ்வேந்தன் நின்றுகொண்டிருந்தான். "நீங்க உக்காருங்க." அவன் முதலாளியைப் பார்த்தான். "நான்தான் சொல்றேன், உக்காருங்க."

பன்னிரண்டு வருஷ வேலையில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அன்றுதான்.

"நீங்க எங்க போனீங்க?"

"பிளக் அடாப்டர் வேணும்னு நிதீஷ் சார் அனுப்புனாருங்க. அகிஹாபராவுல எறங்கோணும். எதிர்ப்பக்கம் போற வண்டில ஏறிப்போட்டேன். திரும்பி வந்து எறங்குனா, வெளிய போற வழி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பருங்க. தப்பான வழில மேல வந்துட்டேன். கடையைப் புடிக்கவே ஒண்ணரை மணி நேரமாச்சு."

"டிக்கெட்?"

"இல்லீங்க. உள்ள போறப்ப மெஷின் ஒரு ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுத்துச்சு. வெளிய வர்றப்ப உள்ளயே இழுத்துக்கிச்சு. வருமான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்தேனுங்க."

கிருபாசங்கர் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்? டிக்கெட்டை மெஷின் தின்னுபோடுச்சாம். பொய்யுன்னாலும் பொருந்தச் சொல்லோணுமுங்க."

11.05. மோகனப்பிரியா பின்னைக் கழற்றி, டிக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு மூலையில் பின் குத்திய ஊசித் தடம் மட்டும் இருந்தது.

"ஏனுங்க நிதீஷ், இதுல மெஷின் போட்ட ஓட்டை எங்கீங்க?"

நிதீஷ் எட்டி டிக்கெட்டைப் பார்த்தான்.

"புகார்ல இதைப் பாத்ததும், டோக்கியோவுல வேலை பாக்கற என் ஃப்ரெண்டை நேத்தே கேட்டுட்டேன். மெஷினைப் பத்தி இவர் சொன்னது அத்தனையும் நெசம். அங்க உள்ள போறப்ப ஓட்டை உழும். எறங்கி வெளிய வர்றப்ப மெஷின் டிக்கெட்டை வாங்கி வெச்சுக்கும். போய் வந்தவன் கையில டிக்கெட் இருக்காது. வாங்கிட்டு ஏறாதவன் கையிலதான் இருக்கும்."

கிருபாசங்கரின் சிரிப்பு நின்றது.

"நம்மூரு பஸ்ல செக்கிங் வருவாங்கன்னு டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுப் பழகிட்டீங்க. எறங்குன பொறகும் அது பாக்கெட்லயே கெடக்கும். அங்கயும் அப்படித்தான்னு நெனச்சு, ஆதாரத்துக்கு ஒண்ணு வாங்குனீங்க. சப்வேல ஒரு தடவை ஏறியிருந்தாக்கூட இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டீங்க. இவரை அடாப்டர் வாங்க அனுப்பிட்டு, ரூமுக்குப் போய் இம்பெல்லரை எடுத்தீங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

நிதீஷ் தலை குனிந்தபடி ஒரு போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொன்னான். அவர்களும் அதே கண்காட்சியில் கடை போட்டிருந்தார்கள்.

கிருபாசங்கர் எழுந்தார். சட்டையைப் பிடித்த அந்தக் கை இப்போது கும்பிட்டது, மோகனப்பிரியாவைப் பார்த்து. "மேடம், இது எங்க ஊட்டு விஷயமுங்க. கம்ப்ளெயிண்டைக் கிழிச்சுப்போடலாம். தமிழு, நீயும் மனசுல வெச்சுக்காத. போய் வேலையைப் பாரு."

கூலிக்காரனைத் திருடன் என்றால் போலீஸ் கேஸ். மருமகன் திருடினால் வீட்டு விஷயம். "கேஸு கேஸுதானுங்க," என்று மோகனப்பிரியா டிக்கெட்டை ஃபைலுக்குள் வைத்தார்.

தமிழ்வேந்தன் எழவில்லை. "என்னையத் திருடன்னு ஷெட்டுல வெச்சுச் சொன்னீங்க மொதலாளி. இதையும் அங்க வந்து சொல்லுங்க. அப்பத்தான் நான் எந்திரிப்பேன்."

11.30. கிருபாசங்கர் ஷெட்டின் நடுவில் நின்றார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. "தமிழ்வேந்தன் திருடலை. எடுத்தது எம்பட மருமகன்," என்று தரையைப் பார்த்து முனகினார்.

தமிழ்வேந்தன் போய் மெயின் சுவிட்சை அணைத்தான். லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மொதலாளி," என்றான். "கடைசி லேத்துக்காரருக்குக் கேக்கலைங்க."