முகம் தெரிகிற இடங்கள்

அன்று மாலை நடைமேம்பாலத்தில் இருந்தவர்கள்: படிக்கட்டுத் திருப்பத்தில் செருப்புத் தைப்பவர், அவருக்கு எதிரே ஒற்றைக் காலில் நின்று மறு செருப்புக்குக் காத்திருந்த வங்கிக்காரி, போனில் யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்த தாடிக்காரன், பையை முதுகில் மாட்டாமல் வயிற்றில் மாட்டிக்கொண்ட இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், மேல் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மூட்டைக்காரர். கடைசிக் கம்பத்தருகே, ஒரு முதுகு.

நோட்டில் அவள் அப்படித்தான் எழுதினாள். எழுதிவிட்டு மூடப்போனவள் என்னவோ தோன்றி முந்தின பக்கத்தைப் புரட்டினாள். நேற்று, ரயில் நிலையக் கூடம். பதினொரு பேர். பன்னிரண்டாவதாக, ஒரு முதுகு. அதற்கு முந்தின நாள், வணிக வளாகத்தின் நான்காவது மாடி. ஒன்பது பேர். ஒரு முதுகு. கையெழுத்து அவளுடையதுதான். மற்ற எல்லோருக்கும் தாடி, மூக்குத்தி, வீங்கிய கண் என்று ஏதாவது அடையாளம் குறித்திருந்தாள். இதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தருகே யாரும் இல்லை.

"என்ன மேடம், இன்னிக்கு எத்தனை தேறுச்சு?" செருப்புத் தைப்பவர் கீழிருந்தே கேட்டார். வாயில் ஊசி.

"ஏழு."

"என்னையும் சேர்த்தா?"

"உங்களையும் சேர்த்துதான்."

"நீங்க மேல பாருங்க, நான் கீழ பாக்குறேன். ரெண்டையும் ஒட்டினா ஒரு முழு மனுஷன் கிடைப்பான்" என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள்.

காலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை ஊருக்கு நடுவே எங்காவது உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பாள். மூன்று வருடமாக இப்படித்தான். பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் உண்டு, அவள் மறுத்ததில்லை. தம்பியைத் தேடுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி தலையை ஆட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலை அவளால் தாங்க முடியவில்லை.

பார்ப்பதற்கு நல்ல இடம் எது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் பார்த்த தொழில். ரயில் நிலையத்தின் கேமரா அறையில் ஆறு வருடம், பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கூரையிலிருந்து பார்த்தால் மனிதன் என்பது ஓர் உச்சந்தலையும் இரண்டு தோளும்தான். அவன் தானாக முகத்தைத் தூக்குகிற இடங்கள் ஊருக்கு நாலைந்துதான் இருக்கும்: எஸ்கலேட்டரின் அடி, ரயில் நேரம் காட்டும் பலகைக்கு எதிர்ப்புறம், பெரிய கடிகாரத்துக்குக் கீழே, மேம்பாலத்தின் கடைசிப் படி. அங்கே மூச்சு முட்டி, எவனும் ஒரு முறை நிமிர்ந்துவிடுவான். பேருந்து நிறுத்தம் உதவாது, எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். சந்தையும் உதவாது, எல்லோரும் சரக்கைப் பார்ப்பார்கள். மருத்துவமனை வாசல் நல்ல இடம்தான். ஆனால் அங்கே தெரிகிற முகங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

காணாமல் போன அன்று தம்பியின் முகம் எந்தத் திரையிலும் விழவில்லை. ஒன்பதாம் எண் திரையில், கிழக்கு வாசலில், பதினொரு விநாடி. நீலச் சட்டை. வலது தோளில், நீல நூல் இல்லாததால் அவளே கறுப்பு நூலில் போட்ட தையல். அவன் கூட்டத்தோடு நடந்து வெளியே போகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பதினொரு விநாடியும் அவள் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டு. மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வாரமே வேலையை விட்டாள்.

அவன் போனதற்குக் காரணம் ஒரு பூட்டு. அவர்கள் வீட்டு வாசல் பூட்டுக்குச் சாவியை ரெண்டு சுத்து சுத்த வேண்டும். ஒரு சுத்துக்கும் சத்தம் வரும், ஆனால் பிடிக்காது. கண் பார்வை போன அம்மா வீட்டில் தனியாக இருப்பாள் என்பதால் 'ரெண்டு சுத்து' என்று தம்பிக்காக அவளே கதவில் எழுதி ஒட்டியிருந்தாள். அன்று அவன் அவசரத்தில் ஒரு சுத்தோடு போய்விட்டான். அம்மா குளியலறைக் கதவு என்று நினைத்து வாசல் கதவை இழுத்தாள். திறந்தது. ஒரு எட்டு வைத்தாள். பதினொரு படி. இடுப்பெலும்பு.

மருத்துவமனை நடைபாதையில் எல்லோருக்கும் முன்னால் அவள் கத்தினாள். "ஒரு கதவைப் பூட்டத் தெரியாத ஜென்மம்! இனிமே என் மூஞ்சியில முழிக்காதே!"

"சரிக்கா" என்றான் அவன். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. எப்போதுமே அப்படித்தான்.

*

"ரெண்டு சுத்து பூட்டினியா?" அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"பூட்டினேன்ம்மா."

"பாத்தியா?"

தினமும் இந்த இரண்டு கேள்விகள்தான். முதலாவதற்குப் பதில் இருந்தது. இரண்டாவதற்கு 'இல்லம்மா' என்று சொல்லிச் சொல்லி நாக்கு காய்ப்புக் காய்த்துவிட்டது. அம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் கன்னத்துக்குள் அடக்கிவைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுகிறாள். வந்து பார்த்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மனசுல எதுக்கோ காத்துட்டு இருக்காங்க போல" என்றார். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "பாத்தேன்ம்மா. இன்னிக்குப் பாத்தேன்."

அம்மாவின் தலை நிமிர்ந்தது. பார்வையற்ற அந்தக் கண்கள் அவளுடைய காதுக்குப் பக்கத்தில் எங்கோ நிலைத்தன.

"பூனையையா?"

வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். நடந்தால் சத்தமே கேட்காது.

"முதுகுதான் தெரிஞ்சுது. கூட்டத்துல விட்டுட்டேன்."

"முதுகு தெரிஞ்சா போதாதா? உனக்கு வாய் செத்தா போச்சு? கூப்பிட வேண்டியதுதானே!"

"நாளைக்குக் கூப்பிடறேன்."

அம்மா வாயைத் திறந்தாள். முழு ரொட்டியையும் சாப்பிட்டாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தாள். நோட்டில் இருந்த முதுகுக்கு அவள் நிறம் எழுதவில்லை. ஆனால் யோசித்தால் அது நீலம். மூன்று நாளும் நீலம்.

*

மறுநாள் மழை வருகிற மாதிரி இருந்தும் வரவில்லை. மேம்பாலத்துக் கம்பிகளில் வெயில் ஏறிய இரும்பு வாடை. கீழே வண்டிகளின் இரைச்சல் ஒரே பாட்டமாக ஓடிக்கொண்டிருந்தது, யாரோ பக்கத்து அறையில் குழாயைத் திறந்துவிட்டு மறந்த மாதிரி. அலுவலகம் விட்ட கூட்டம் படியேறி வந்து, கடைசிப் படியில் மூச்சுக்கு நின்று, ஒவ்வொன்றாக முகத்தைத் தூக்கி, அவளைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. அவள் எழுதவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம் கூட்டம் மறைத்தது. விலகியபோது அது அங்கே இருந்தது.

நீலச் சட்டை. கழுத்தில் வெட்டாத முடி. வலது தோளில் கறுப்பு நூல்.

"டேய் பூனை!"

குரல் உடைந்துதான் வந்தது. நாலைந்து பேர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அது பார்க்கவில்லை. ஆனால் தோள்கள் லேசாக உயர்ந்தன, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதில் விழுந்ததாகக் காட்டுவதற்கு அவன் செய்வதுபோல. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். கம்பத்தருகே போய்ச் சேர்ந்தபோது கம்பம் மட்டும் இருந்தது. கூடவே ஒரு வாடை. மூன்று வருடம் பெட்டிக்குள் பூட்டிக்கிடந்த துணியின் வாடை.

திரும்பி வந்தபோது செருப்புத் தைப்பவர் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அது அவர் கிளம்புகிற நேரமில்லை.

"அந்த நீலச் சட்டை உங்களுக்கு வேண்டப்பட்டவரா மேடம்?"

"நீங்க பாத்தீங்களா? மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நான் மூஞ்சி எங்க பாத்தேன்? காலைத்தான் பாத்தேன்." அவர் சிரிக்கவில்லை. "நாலு நாளா ஏறுறான். குதிகாலை முன்ன வெச்சு ஏறுறான் மேடம். கூட்டத்துல ஒருத்தனும் கவனிக்கல. முப்பது வருஷமா காலைப் பாக்குறேன், அப்படி ஒருத்தன் ஏறி நான் பாத்ததில்ல."

"பின்னாடி நடக்குறானா?"

"அப்படின்னா மூஞ்சி படிக்கட்டுப் பக்கம், என் பக்கம் இருக்கணும்ல." மூட்டையைத் தோளில் போட்டார். "என் பக்கமும் முதுகுதான் இருந்துச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க. இந்த இடம் இனி வேண்டாம்."

அவர் போய்விட்டார். நாளை வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

*

பேருந்தில் ஜன்னலோர இருக்கை. கடிகாரத்தின் கீழே நூறு பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு முதுகு. வளாகத்தின் கண்ணாடிக் கதவுக்குள்ளே எஸ்கலேட்டர். மேலே போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒரு முதுகு கீழே இறங்கியது. பிறகு மருத்துவமனை வாசல். அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

அவள் தேர்ந்தெடுத்த இடங்கள். ஒன்றன்பின் ஒன்றாக.

அப்போதுதான் அது உறைத்தது. மூன்று வருடமாக அவள் அவனைத் தேடியது முகம் தெரிகிற இடங்களில். அவனோ அவள் சொன்ன வார்த்தையைத் தட்டாதவன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். ரெண்டு சுத்து. சாவியை வழக்கம்போல் பூட்டிலேயே விட்டாள்.

"பூட்டினியா?"

"பூட்டினேன்."

"கூப்பிட்டியா?"

"...கூப்பிட்டேன்ம்மா."

"அப்ப வருவான்" என்றாள் அம்மா. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரியிருந்தாள், கோணலாக. "சாப்பாடு போதுமாடி மூணு பேருக்கு?"

குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது. மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு அதுவும் நின்றது. படிக்கட்டில் சத்தம் எதுவும் வரவில்லை. வராதது அவளுக்குக் கேட்டது. ஒரு படி. அடுத்த படி. பதினொன்று.

கதவு தட்டப்பட்டது. விரல் கணுவால் இல்லை. குதிகாலால். அடியில்.

"பூனைதான்!" அம்மாவின் குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது. "திறடி! நின்னுட்டே இருக்கே?"

திறக்காமல் இருந்திருக்கலாம். அதை அவள் பிறகு பல முறை நினைக்க வேண்டியிருக்கும். ஆனால் உள்ளே அம்மா, பிடித்து நடக்கிற நடைச்சட்டத்தை இழுத்து, கால் ஊன்றி எழுந்துகொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக. சாவி திரும்பியது. ரெண்டு சுத்து.

வாசல் நிறைய முதுகு.

நீலச் சட்டை. கறுப்பு நூல். அவள் போட்ட தையல், அவசரத்தில் கோணிய கடைசி முடிச்சு உட்பட. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அது இந்தப் பக்கம் திரும்பாது. அவள்தான் போக வேண்டும். சுவரோடு ஒட்டி, மூச்சை அடக்கி, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்புடா. கோவத்துல சொன்னது. அக்கா சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன். என் மூஞ்சியில முழிடா."

கண்ணைத் திறந்தாள்.

பிடரி. வெட்டாத முடி. மடிந்த காலர். அதன் கீழே கறுப்பு நூல், அதே கோணல் முடிச்சு.

உள்ளே நடைச்சட்டத்தின் சத்தம் நெருங்கியது. டக். டக். நின்றது. அதன் தோளுக்கு மேலாக அம்மாவின் கை வந்தது. எலும்பும் தோலுமான கை, ஆசையாகத் தடவியது.

"என்னடா இது... மூஞ்சியெல்லாம் முடியா இருக்கு?"

கை சுற்றி இந்தப் பக்கமும் வந்தது. தடவியது. ஒரு கணம் நின்றது.

"அம்மா, விடும்மா! கையை எடு!"

"நீ சும்மா இரு. திட்டித் திட்டித்தான் பிள்ளை இப்படி ஆயிட்டான்." கை மறுபடி தடவ ஆரம்பித்தது. "பரவாயில்லடா. வந்துட்டே இல்ல. உள்ள வா."

அது உள்ளே போனது. திரும்ப வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. ஒரு கை கதவைப் பிடித்தது. எந்தப் பக்கத்துக் கை என்று சொல்ல முடியவில்லை. கதவு அறையப்படவில்லை. அம்மா தூங்கும்போது சாத்துவதுபோல, அவ்வளவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

சாவி ஒரு சுத்து சுத்தியது.

ஒரு சுத்துக்குப் பிடிக்காது. இப்போது தள்ளினால் திறக்கும். அவள் இரண்டு கைகளையும் கதவில் வைத்தாள்.

ரெண்டாவது சுத்து விழுந்தது.