உறையைத் தாண்டி...

காண்ட்ராக்டர் செத்துக் கிடந்தான்.

மேஜையில் அவன் குடித்துக்கொண்டிருந்த டீ இன்னும் ஆறவில்லை.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடிவயிற்றில் ஆபரேஷன் தழும்பு சுரீரென்று இழுத்தது.

குடித்துவிட்டுக் காரோட்டி அவருடைய ஒரே மகளைக் கொன்றவன்... கோர்ட்டில் மீசையை முறுக்கிக்கொண்டு விடுதலையானவன்... ஒழிந்தான்!

போலீசுக்கு அவரே சொல்லியாயிற்று. மூன்று மாதத்தில் சாகப்போகிறவருக்கு ஜெயில் எந்த மூலைக்கு?

செல்போன் அலறியது.

போலீஸ் இல்லை. புற்றுநோய்க்காக அவருடைய புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய சர்ஜன்.

"என்ன சார், ஆளையே காணோம்? ரேடியேஷனுக்கு வரணும்னு உங்க வைஃப்கிட்ட சொன்னேனே?"

"இனிமே எதுக்கு டாக்டர்? கட்டி சுரப்பியோட உறையைத் தாண்டி, பக்கத்துல விந்துப்பைக்குள்ளயும் போயிடுச்சாமே. மூணு மாசம்தானே..."

"மூணு மாசமா? யார் சொன்னது?"

மெக்கானிக் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"தாண்டினது நெஜம் சார். உறைக்குள்ளயே இருந்திருந்தா நிம்மதி. விந்துப்பை வரைக்கும் போனதால திரும்பி வர்ற சான்ஸ் ஜாஸ்தி. ஆனா எலும்புல இல்ல, நிணநீர் முடிச்சுல இல்ல. ரேடியேஷன் குடுத்து, அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கிட்டா... பத்து, பதினஞ்சு வருஷம் ஓட்டினவங்க நிறைய பேர் இருக்காங்க."

ரிப்போர்ட் வந்த அன்று, பயத்தில் அவர் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அறைக்குள் போனது மனைவி.

மனைவி மட்டும்!

வீட்டுக்குப் போன் போட்டார்.

"மூணு மாசம்னு ஏன் சொன்ன?"

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்."

அவள் அழுதாள். மகள் போனபிறகு முதல்தடவையாக.

"பதினஞ்சு வருஷம்னு சொல்லியிருந்தா அவனைத் தேடிப் போயிருப்பீங்களா? ரிப்போர்ட் கேக்கவே உள்ள வராத மனுஷன் நீங்க. நாளைக்கு, நாளைக்குன்னே காலத்தைத் தள்ளியிருப்பீங்க."

"நான் உயிரோட இருக்கணும்னு உனக்கு ஆசையே இல்லையாடி?"

"எனக்கே இருக்கணும்னு ஆசையில்லீங்க."

லைன் துண்டிக்கப்பட்டது. மெக்கானிக் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழக்கூட வரவில்லை.

வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டர் பிணத்தைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார்.

"போன் பண்ணது நீங்கதானே? ஏதோ மூணு மாசத்துல செத்துடுவேன்னு சொன்னீங்களாமே?"

"இல்ல சார்..." கைகளை நீட்டினார். "நான் இப்போதைக்குச் சாக மாட்டேனாம்."

விலங்கு க்ளிக்கென்று பூட்டிக்கொண்டது.

"சந்தோஷம். எங்க கேஸ்ல பாதிப் பேரு தீர்ப்பு வர்றதுக்குள்ள கண்ணை மூடிடறாங்க... நீங்க ஒருத்தராவது இருந்து கேட்டுட்டுப் போங்க!"