முதல் கிண்ணம்

பானையின் மூடியைத் திறந்த தத்சுவே அப்படியே நின்றாள். ஆவி பறக்கும் சோற்றின் நடுவில் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. அகப்பையை அவள் இன்னும் தொடவே இல்லை.

"ஏன் கொழுந்தனாரே, வெந்ததும் பொறுக்கலையோ?"

கெங்கிச்சி வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "நான் உள்ளயே வரல அண்ணி."

வந்திருப்பான். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்ட நாளிலிருந்து அவன் செய்யாத கோழைத்தனம் உண்டா? ஜப்பானிய எழுத்து இருந்த காலண்டரைக்கூட அடுப்பில் போட்டவன். போலீஸ் சோதனைக்கு வருகிறது என்று யாரோ சொன்னதும், செத்துப்போன அண்ணன், அவள் கணவன் தோக்குஜியின் படம் இருந்த வழிபாட்டுப் பெட்டியைத் தூக்கிப்போய் ஸ்ட்ராபெரி வயலில் புதைத்துவிட்டான். பெட்டியை நகர்த்தினால் செத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்த்த வேண்டும். சொல்லவில்லை. தினமும் அவருக்கென்று வைக்கிற முதல் கிண்ணச் சோறும் அன்றோடு நின்றது.

ஜப்பானியக் குடும்பங்களை அடைத்துவைக்க ஏற்றிப்போக நாளைக் காலை ராணுவத்தின் பஸ் வரும். எந்த முகாமுக்கு என்று தெரியாது. மூன்று பேரும் சேர்ந்து ஏற வேண்டும், மகள் சுமியோவின் கை தன் கையில் இருக்க வேண்டும். தத்சுவேக்கு அது போதும். பழுத்து நிற்கும் வயலை வேலிக்கு அப்பாலிருந்து கண்ணாலேயே அளக்கும் பக்கத்து வயல் வெள்ளைக்காரன் பறித்துத் தின்னட்டும். வயிறு வெடிக்கட்டும்.

சாயங்காலம் கிண்ணங்களைக் கட்டி வைக்க அலமாரியைத் திறந்தாள். ஒன்றுகூட இல்லை. தட்டில் ஈர மண்.

"இதையும் புதைச்சாச்சா? சோத்துக் கிண்ணம் வெச்சிருந்தா தூக்குல போடுவாங்களோ?"

"சத்தியமா இல்ல அண்ணி... மணி அடிக்குதே, உங்களுக்குக் கேக்கல?"

"பயந்தாங்கொள்ளி காதுல தினமும் திருவிழாதான்."

ஆனால் கேட்டது. கடலிலிருந்து ஏறிய மூடுபனி கலிபோர்னியாவின் அந்த வயலை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டிருக்க, கனிந்த பழத்தின் இனிப்பு வாடைக்கு அடியில் எருவின் மக்கல் வாடை கசிய, தினமும் காலையில் படத்தின் முன் அவளே தட்டிய சின்ன மணியின் ஒலி தரைக்குக் கீழிருந்து நிதானமாக வந்தது. சுமியோவைப் படியில் உட்கார வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

மண் இளகியிருந்தது. வெதுவெதுப்பாக. தோண்டத் தோண்ட, வெந்த சோற்றின் மணம்.

பெட்டியின் கதவுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு திறந்திருந்தன.

படத்தின் முன் நான்கு கிண்ணங்கள். தோக்குஜியுடையது. கெங்கிச்சியுடையது. அவளுடையது. ஓரத்தில், முயல் வரைந்த சின்னது, சுமியோவுடையது. எல்லாவற்றிலும் குவித்த சோறு. ஆவி. ஒவ்வொன்றின் நடுவிலும் நெட்டுக்குத்தலாகக் குத்திய இரண்டு சாப்பாட்டுக் குச்சிகள், செத்தவர்களுக்கு மட்டும் குத்துவதைப் போல.

முயல் கிண்ணத்தில் ஒரு வாய் குறைந்திருந்தது.

திரும்பினாள்.

படியில் சுமியோ. உட்கார வைத்த இடத்திலேயே. மென்றுகொண்டிருந்தாள். உதட்டில் ஈர மண். அதன்மேல் ஒரு பருக்கை.