ஆக்சிஜனுக்கு இடம் விடுங்க டாக்டர்

லிஃப்டில் தன் குடையால் அவள் செருப்பை நனைத்துவிட்டு ஒரு 'சாரி'கூடச் சொல்லாமல் போனவனோடுதான் இன்று ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்று தெரிந்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் நுரையீரல் டாக்டர். லீவில் போன மயக்க டாக்டருக்குப் பதிலாக வந்தவள் அவள்.

மேஜையில் இரண்டு வயதுக் குழந்தை. மூச்சுக்குழாயில் ஒரு நிலக்கடலை. வெளியே அம்மாக்காரி அழுது ஓய்ந்திருந்தாள்.

"மாஸ்க் வைக்கிறேன் டாக்டர். அதுல இருக்கிற ஓட்டை வழியா இடுக்கி வச்ச உங்க கேமராவை விடுங்க."

"மாஸ்க் இடைஞ்சல். மூக்குல சின்ன ஆக்சிஜன் குழாய் போதும்."

"குழந்தை திணறினா?"

"திணறாது."

"உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் திணறுமா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசியில் மூக்குக் குழாய்தான், ஆனால் அவள் சொன்ன வேகத்தில் ஆக்சிஜன்.

"நான் சொன்னா உடனே வெளிய வரணும்."

"ம்."

அந்த 'ம்'முக்கே அவனை நாலு சாத்து சாத்தலாம். அவன் முகத்து மாஸ்க்குக்கு மேலே தெரியும் அந்தக் கண்கள் வேறு... ச்சே, இப்படியா அழகாக இருந்து தொலைக்க வேண்டும்?

"கடலையைப் புடிச்சிட்டேன்," என்றான். அதே நேரம் மானிட்டரின் சத்தம் தணிந்து இறங்கியது. குழந்தைக்கு ஆக்சிஜன் குறைகிறது. இவ்வளவு தூரம் வந்தவன் இனி விடமாட்டான்... கத்துவதற்கு அவள் மூச்சை இழுத்தாள்.

அதற்குள் கேமரா வெளியே வந்திருந்தது. கடலை இல்லை. பிடித்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"நீங்க ஆக்சிஜன் குடுங்க," என்று ஒதுங்கி நின்றான்.

அவள் குழந்தையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்தி ஆக்சிஜன் பையைப் பிசைந்தாள். சத்தம் மெல்ல ஏறியது. மறுமுறை கடலை வந்தது. மயக்கம் தெளிந்த குழந்தை வீறிட்டு அழ, அம்மாக்காரி அதைக் கேட்டுச் சிரித்தாள்.

வாசலில் மழை. அவன் குடையோடு நின்றான்.

"காலைல... சாரி. குழந்தையோட எக்ஸ்ரேவையே நெனச்சிட்டு வந்தேன்."

"நான் சொல்றதுக்குள்ள எப்படி வெளிய வந்தீங்க?"

"நீங்க மூச்சை இழுத்தது கேட்டுச்சு."

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வீண். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"உங்களை நிம்மதியாத் திட்டக்கூட விடமாட்டீங்களா? எனக்கு உங்களைப் பிடிச்சுத் தொலைச்சிருக்கு..."

"ம்."

"இதுக்கும் 'ம்'தானா?"

குடை முழுவதும் அவள் பக்கம் சாய்ந்தது. அவன் தோள் நனைந்தது.

"எனக்கும்தான். லிஃப்ட்லயே. உங்களைப் பார்த்துட்டு குடையைப் பார்க்கல."

"எக்ஸ்ரேன்னு சொன்னீங்க?"

"பொய்."