கடித்து வைத்த ரொட்டி

இதில் எவ்வளவு அக்நாபாத் சொன்னது, எவ்வளவு நானாகச் சேர்த்துக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவள் கணக்கு, நான் ஆங்கிலம். பருத்தி சீசனில் அரசு உத்தரவுப்படி ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லோரும் வயலில்தான். பக்கத்து வரிசையில் குனிந்தபடி, தலைத்துணியின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், நாலு வாரம் துண்டு துண்டாகச் சொன்னாள். தேதிகள் தப்பாக இருக்கலாம். கடைசியில் நடந்தபோது நானே பக்கத்தில் நின்றேன், ஆனால் அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ரொட்டியில் ஒரு கடி கூடியிருந்தது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் மாதத்து ஒரு காலை. பச்சைத் தேநீர்க் குவளையோடு அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆணியில், நாடா கட்டி, அவள் புருஷன் யாஸ்மிராத் கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டி தொங்கியது. எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுத் தூரம் போகிறவன் முழு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சம் சுவரில் காத்திருக்கும். அவன் திரும்பி வந்து, அவன்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும். வேறு யாரும் தொடுவதில்லை.

மார்ச்சில் அவனைக் கூட்டிப்போக வந்தவர்கள் மூன்று பேர். அவன் சாப்பாட்டு விரிப்பில் இருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தபோது ஒருவன் சிரித்தான்.

"என்னடா, பட்டாளத்துக்கா போற? பத்து நிமிஷம் பேசிட்டு அனுப்பிருவோம். இதுக்கு எதுக்கு ரொட்டி?"

யாஸ் வாயில் இருந்ததை மென்றுகொண்டே போனான்.

அவன் செய்தது இவ்வளவுதான். வயலில் பருத்தி எடுக்கிற தன் வகுப்புப் பிள்ளைகளைப் படம் எடுத்து, இஸ்தான்புல்லில் இருக்கிற தம்பி தாச்மிராத்துக்கு அனுப்பினான். தம்பி அதை அங்கே கூட்டங்களில் காட்டினான். ஏற்கனவே வாங்குவதை நிறுத்தியிருந்தவர்களோடு இன்னும் சில வெளிநாட்டுக் கம்பெனிகளும் எங்கள் பருத்தி வேண்டாம் என்றன. டிவியில் தினமும் எதிரிகள், எதிரிகளின் கூலிகள், நம்மைப் பட்டினி போடப் பார்க்கிறவர்கள் என்று பேச்சு. ஆறு மாதத்தில் அக்நாபாத் ஏறாத அலுவலகப் படியில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் அவள் கொண்டுபோன துணிமூட்டையைத் திருப்பித் தள்ளினார்கள். அந்தப் பெயரில் யாரும் எங்களிடம் இல்லை என்றார்கள்.

ஆறு மாதம் காய்ந்த ரொட்டி. கல் மாதிரி இருந்தது. கத்தி இறங்காது. ஆனால் அந்தக் காலையில் அரைவட்டமாக இருந்த கடிக்குப் பக்கத்தில், அதைத் தொட்டுக்கொண்டு, இன்னோர் அரைவட்டம். தரையில் ஒரு பொடியில்லை. அவள் விரலை வைத்துப் பார்த்தாள். ஓரம் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக, இப்போதுதான் ஒரு வாய் விலகியது போல. முகர்ந்தாள். மாவு வாசனை இல்லை. மூடியே கிடந்த நிலவறையின் வாசனை, சிமெண்டும் பழைய தண்ணீரும் துருவும் கலந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வருகிறவன்தானே ரொட்டியை முடிப்பான். அப்படியானால் அவன் வந்துகொண்டிருக்கிறான். எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இரண்டு.

அந்த வாரம் தாச்மிராத் பேசினான். அரசு தடுத்து வைத்திருக்கிற இணையத்தில் ஓட்டை தேடிப் பிடித்து, விட்டுவிட்டுக் கேட்கிற குரலில்.

"அண்ணி, உங்கள வந்து எதையாவது சொல்லச் சொல்வாங்க. எதுவும் சொல்லிடாதீங்க. இன்னும் ரெண்டு பெரிய கம்பெனி விலகற மாதிரி இருக்கு. வாங்கறத நிறுத்தினாத்தான் இவங்க வழிக்கு வருவாங்க."

"உங்கண்ணன் எப்ப வருவாரு, அதச் சொல்லு."

"காணாமப் போனவங்க பட்டியல்ல பேர் இருக்கு அண்ணி. பேர் இருக்கற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்போம். அவங்களால மறைக்க முடியாது."

எதிர்வீட்டுப் போசான் அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பியைக் கூட்டிப்போய் நாலு வருஷம் ஆகிறது. நூலாலை மூடியதில் மகனுக்கும் வேலை போயிருந்தது.

"வழிக்கு வருவாங்களாம்! நிறுத்தி மூணு வருஷமாச்சு, யாருடி வழிக்கு வந்தா? நாமதான் வயலுக்கு வந்தோம்" என்றாள். "உன் கொழுந்தன் அங்க உக்காந்து ஆட்டுக்கறி தின்னுக்கிட்டு, வேண்டாம் வேண்டாம்னு கத்தறான். வாங்கினாலும் குனியறது நம்ம இடுப்பு, வாங்காட்டியும் நம்ம இடுப்பு."

"வாங்கினா மட்டும் உன் தம்பி வந்துருவானா?"

போசான் தேநீரை ஊதினாள்.

வெள்ளிக்கிழமை ஹோஜகுலி வந்தார். உள்ளூர் அரசு அலுவலகத்து ஆள். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து, தேநீரில் தொட்டுச் சாப்பிட்டார். அக்நாபாத்தின் ஆறு வயது மகள் மாய்ஸாவின் தலையைத் தடவினார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷ வீடியோ. யாரும் எங்களக் கட்டாயப்படுத்தல, நாங்களே ஆசையாத்தான் பருத்தி எடுக்கறோம், இந்தத் தடையால எங்க பிள்ளைகதான் பட்டினி. அவ்வளவுதான். பொய்யா இதெல்லாம்? பட்டினி பொய்யா?"

அவள் தலைத்துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அதோட, என் புருஷன் நல்லா இருக்காரு, வேலைக்குப் போயிருக்காரு, வரப்போறாருன்னு ஒரு வார்த்தை. சொன்னா வருவாரு."

"எங்க இருக்காருண்ணே?"

"வருவாருன்னு சொல்றேன்ல" என்றார் ஹோஜகுலி. சுவரில் தொங்கியதை ஏறிட்டுப் பார்த்தார். "எலி இருக்கு போலருக்கே வீட்ல."

அவர் போன பிறகுதான் அவள் ரொட்டியை முதன்முதலாக ஆணியிலிருந்து இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். பகல் பதினொரு மணி. வெளியே மல்பெரி மரத்தில் குருவிகள். யாஸின் முன்பல் ஒன்று ஓரம் உடைந்தது, அவன் எதைக் கடித்தாலும் நடுவில் ஒரு சின்ன மேடு நிற்கும். முதல் கடியில் அந்த மேடு இருந்தது. இரண்டாவதில் இல்லை. இரண்டாவது அகலமான வாய். அடுத்தது குறுகலானது, பையன் வாய் மாதிரி. அடுத்ததில் மேல்வரிசைப் பற்களே இல்லை, ஈறால் நசுக்கியிருந்தது. ஒவ்வொன்றும் வேறு. எல்லாமே ஈரம்.

அவள் அதைத் திரும்பவும் ஆணியில் மாட்டினாள். நாடா இரண்டு முறை நழுவியது. இத்தனை வாயில் ஒன்று அவனுடையதாக இருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாளாம். அவ்வளவு பசியோடு இருக்கிற இடத்திலிருந்து அவனை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் ஹோஜகுலியின் அலுவலகத்துக்குப் போய், கொடிக்கு முன்னால் உட்கார்ந்து, கொடுத்த தாளில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள்.

மறுநாள் காலையில் ஆணியில் நாடா மட்டும் இருந்தது.

மத்தியானம் வெள்ளைக் கார் வந்து நின்றது. ஹோஜகுலி இறங்கிப் பின்கதவைத் திறந்தார். யாஸ்மிராத் இறங்கினான்.

முகம் சரியாக இருந்தது. உயரம், தோள், நெற்றித் தழும்பு, எல்லாம் சரியாக இருந்தது. உடைந்த பல்கூட. தெருவே வெளியே வந்துவிட்டது. யாஸ் வந்துட்டான், கண்ணு நிறைஞ்சுது, நல்லா இருக்கியாப்பா என்று ஆளுக்கொரு குரல், ஒருவரும் இரண்டடிக்கு மேல் நெருங்காமல்.

"நான் நலமாக இருக்கிறேன்" என்றான் அவன். "என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை."

உள்ளே வந்தான். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான். ஆணி இருந்த சுவரை அவன் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் திரும்பி வருகிறவன் செருப்பைக் கழற்றும் முன் முதலில் பார்க்கிற இடம் அது. அவள் காத்திருந்தாள். ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. முன்னால் வைத்த தேநீர் ஆறியது. "குடிங்க" என்றாள். குடித்தான். வேறொன்றும் சொல்லாமல் விட்டபோது, காலிக் குவளையை வாயில் வைத்தபடியே இருந்தான்.

மாய்ஸா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கையை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா. அப்பா மேல வாசமே இல்ல."

"சும்மா இரு."

"எந்த வாசமும் இல்லம்மா."

ராத்திரி தாச்மிராத் அழுதுகொண்டே பேசினான். டிவியில் காட்டியிருந்தார்கள். "அண்ணன்தான் அண்ணி! கொஞ்சம் எளைச்சிருக்கான், அவ்ளோதான். கூட்டத்துல சொல்லிட்டேன், எங்கண்ணன் வந்துட்டான்னு. எல்லாரும் கை தட்டினாங்க." அவள் அலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். வாசல் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

இது அவரில்லை என்று போசானிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், வாய்க்காலில் பாத்திரம் கழுவும்போது. போசான் அவள் வாயைப் பொத்தினாள்.

"வந்தத வெச்சுக்கடி. என் வீட்டுக்கு இதுகூட வரல."

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பருத்தியை மறுபடி வாங்கலாமா என்று பார்த்துச் சொல்ல வந்தவர்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு வயலுக்குத் தண்ணீர் லாரி வந்தது, பாட்டுப் பெட்டி வந்தது, பிள்ளைகள் வகுப்பறையில் இருந்தார்கள். மாய்ஸாவை மட்டும் புது உடுப்புப் போட்டுக் கூட்டிவந்திருந்தார்கள். அவள் கை, திரும்பி வந்தவனின் கைக்குள் இருந்தது. நல்ல வெயில். வாய்க்கால் கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடித்த பருத்தி, கண் கூசுகிற வெள்ளை, காற்றே இல்லை.

வந்தவர்களில் வயதான ஒரு பெண்மணி, வெயிலில் முகம் சிவந்துபோய், ஒரு தாளைப் புரட்டினாள். அக்நாபாத்திடம் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"உங்கள் கணவர் பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறது. இவர்தானா அவர்? இல்லையென்றால் சொல்லுங்கள். நாங்கள் தொடர்ந்து தேடச் சொல்வோம்."

ஹோஜகுலி தொண்டையைச் செருமினார். அந்த மனிதன் பிள்ளையின் கையை இறுக்கினான். மாய்ஸா சத்தம் போடவில்லை, ஆனால் குதிகால் தரையிலிருந்து எழும்பியது.

அக்நாபாத் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அந்தப் பெண்மணியின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

அங்கே யாஸ் நின்றிருந்தான் என்றாள் பிறகு.

பருத்திக்குள். இடுப்பளவு. எலும்பும் தோலுமாக. தலை ஈரமாக, யாரோ கழுவிவிட்டது போல. மூக்கில் பஞ்சு. இரண்டு துவாரத்திலும். காதில் பஞ்சு. சவத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் வைப்பது போல, அழுத்தமாக, சுத்தமாக. வாய் பிளந்திருந்தது. வாய் நிறையப் பஞ்சு. அவன் அதைத் தாண்டி எதையோ சொல்லப் பார்த்தான். தொண்டை அசைந்தது. பஞ்சு அசையவில்லை. கை இரண்டையும் உயர்த்தினான். நான் இங்கே. நான் இங்கே.

கண் திறந்திருந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மாய்ஸா சின்னதாக முனகினாள்.

"ஆமா" என்றாள் அக்நாபாத். "இவர்தான் என் புருஷன்."

நான் மொழிபெயர்த்தேன். பெண்மணி சிரித்து, தாளில் ஒரு கோடு போட்டாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் கையை இறக்கினான். மெதுவாக உட்கார்ந்தான். பருத்தி அவனுக்கு மேலே மூடிக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்தபோது செடிகள் மட்டும் ஓரிடத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

குளிர்காலத்தில் இரண்டு கம்பெனிகள் எங்கள் பருத்தியை மறுபடி வாங்கத் தொடங்கின. நூலாலை திறந்தது, போசானின் மகனுக்கு வேலை கிடைத்தது. அவள் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தாச்மிராத் இஸ்தான்புல்லில் மாவு மூட்டை தூக்குகிறான், கூட்டங்களுக்குப் போவதில்லை. ஹோஜகுலிக்குப் பதவி உயர்ந்தது. பிறகு ஒருநாள் அவரையும் கூட்டிப்போனார்கள், இப்போது அவர் வீட்டுக்கும் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். மாய்ஸா என் வகுப்பில் இருக்கிறாள். எப்படி இருக்கிறாய் என்றால் எழுந்து நின்று, நான் நலமாக இருக்கிறேன் ஆசிரியரே என்கிறாள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அக்நாபாத் அந்த மனிதனோடு அதே வீட்டில் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். வயிற்றில் ஒரு நாளும் அசைவே இருந்ததில்லை என்கிறாள். எல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.