இரண்டாவது வாளி

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டிய அந்தக் கல்லூரியில், பழைய விடுதிக் கட்டடத்தில்தான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும். மாணவிகள் சேர்க்கையைப் பார்த்துக்கொள்ளும் லிசி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்போடு அங்கே வந்து சேர்ந்தாள். வெளியே மழைமூட்டம். உள்ளே ஈரச்சுவரின் வாடை. ஆபீஸ் உதவியாளர் இருதயநாதன் டீ டம்ளரோடு சுவரோரம் நின்றார்.

இடம் கிடைத்த பிள்ளைகள் வேறு கல்லூரிக்குத் தாவிவிடாமலிருக்க ஆன்லைனில் ஓர் அறிமுகக் கூட்டம். வெறும் பேச்சென்றால் கேமராவை அணைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் லிசி ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். திரையிலேயே இரண்டிரண்டு பேராகத் தனி அறைக்கு அனுப்பிப் பேசவிடுவது. பிடித்துப்போனால் விடுதியிலும் ஒரே அறை.

பிள்ளைகள் அப்பாவின் ஃபோனில்தான் வருவார்கள். திரையில் அழகிரி, செந்தமிழன், மருதை ரைஸ்மில் என்று அப்பாக்களாக வரிசைகட்டி நின்றார்கள். யார் எவரென்று கேட்காமல் லிசி எல்லோரையும் உள்ளே விட்டாள்.

மண்ணச்சநல்லூர் மருதையின் மகள் இளவேனில்தான் அவளுக்குக் கவலை. விடுதியில் தனியாகப் படுக்கமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்த பெண். ஜோடி பிரித்தபோது அவளுக்குத்தான் துணையில்லாமல் போயிற்று.

அந்நேரம் பார்த்து ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. கேமரா இல்லை. பெயர் மட்டும்.

"அண்ணே, உங்க பேருலயே ஒரு அப்பா வந்திருக்காரு."

"நம்ம பேருக்கு இன்னும் மவுசு இருக்கு பாருங்க மேடம்," என்று சிரித்தார் இருதயநாதன்.

லிசி இளவேனிலையும் அந்தக் கட்டத்தையும் ஜோடியாகச் சேர்த்து அனுப்பினாள்.

திரும்பி வந்த இளவேனிலின் முகத்தில் சிரிப்பு. "நான் சேர்றேன் மேடம். ஃபெமினாவோட ஒரே ரூம் போட்டுடுங்க. ஜன்னலோரக் கட்டிலை எனக்கே தர்றாளாம். அங்கேருந்து ஆறு தெரியுமாம்."

சுவரோரம் டம்ளர் விழுந்தது.

"மேடம்." இருதயநாதனின் குரல் அடங்கிப்போயிருந்தது. "ஃபெமினா என் பொண்ணு. போன வருஷம் இங்கதான் சீட் கெடச்சுச்சு. சேர்றதுக்குள்ள கொள்ளிடத்துல போயிட்டா."

சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காட்டினார். பட்டன் ஃபோன்.

"என் பேரு போட்ட டச் ஃபோனை அவதான் வச்சிருந்தா. அவளோடவே போச்சு."

லிசி அந்தக் கட்டத்தை நீக்கப் போனாள். அது இல்லை.

ஸ்பீக்கரில் மட்டும் தண்ணீர் அலம்பும் சத்தம்.

அன்று மாலையே லிசி மருதைக்கு ஃபோன் போட்டாள். "அந்த ஃபெமினாவோட இளவேனிலைப் பேச விடாதீங்க. அது இங்க படிக்க வர்ற பிள்ளை இல்லைங்க."

"என்ன மேடம் நீங்க? அழுதுக்கிட்டே கெடந்த புள்ள இப்பத்தான் சிரிக்குது. கெடுத்துடாதீங்க," என்றார் அவர்.

அதற்குமேல் லிசியால் முடிந்தது ஒன்றுதான். ஆறு தெரியாத பக்கமாக ஓர் அறை பார்த்து, ரோஷன் பேகம் என்ற தைரியசாலிப் பெண்ணை இளவேனிலுக்குத் துணையாகப் போட்டாள்.

கல்லூரி திறந்த அன்று காலையில் நல்ல வெயில். மருதை பெட்டியோடு முன்னால் வர, பின்னால் இளவேனில். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் வாளி.

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு ஃபெமினாவுக்கு மேடம். அவ துணி காயவே மாட்டேங்குதாம்."

லிசி அந்த வாளியைக் கையில் வாங்கினாள். கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புது வாளி.

கனத்தது.

எட்டிப் பார்த்தாள். அடியில் ஆற்றுமணல். அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.